கைமருந்துக்கு எது கட்டுப்படும்? மழைக்கால மும்பையிலிருந்து

ஜூனில் மழை பிடித்துவிட்டால் மாடுங்காவிலும் செம்பூரிலும் தாராவி 90 அடி ரோட்டிலும் நம்மவர்கள் மளிகைக் கடைகளில் வியாபாரத்தின் போக்கே மாறிவிடும். அப்பளமும் வடகமும் பின்வரிசைக்குப் போகும். கல்லாவுக்குப் பக்கத்தில் நிலவேம்புப் பொடி, கபசுரக் குடிநீர்ப் பொடி, சுக்கு, திப்பிலி, அதிமதுரம், ஆடாதோடை, கடுக்காய் என்று பொட்டலங்கள் வந்து உட்காரும். டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனைச் செலவு, போகிற ஒரு நாள் கூலி என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிற குடும்பத்துக்கு அந்தப் பொட்டலம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது இங்கே குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்" என்று சொல்கிறவர்களோடும் இல்லை. மூலிகை கேட்குமா என்று பார்ப்பதற்கு முன்னால் நோயின் குணத்தைப் பார்க்க வேண்டும். சும்மா விட்டாலே ஆறிவிடுகிற நோயா, விட்டால் முற்றுகிற நோயா? முதல் வகைக்குக் கஷாயம் நல்ல துணை. இரண்டாவது வகையில் அது நாளைத் தின்னும். இதிலெல்லாம் சேராத மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு: நோயே இல்லாமல், உடம்பைச் 'சுத்தம்' செய்வதற்காகத் தினமும் குடிப்பவர்கள். இன்றைக்கு அதிகம் கவலைப்பட வேண்டியது அவர்களைப் பற்றித்தான் என்பது என் கட்சி.

நிலவேம்பிலிருந்தே தொடங்கலாம். நிலவேம்புக் குடிநீர் என்பது தனி மூலிகை இல்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சைவேர், சந்தனம், பேய்ப்புடல், பற்படாகம், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு என்று 9 சரக்குகள் சேர்ந்தது. 2012 டெங்குப் பரவலை ஒட்டித் தமிழ்நாட்டு அரசே அதைக் கொடுக்கத் தொடங்கியது. ஊருக்குப் போய்த் திரும்பியவர்களின் பைகளில் மும்பைக்கும் வந்து சேர்ந்தது. நிலவேம்பில் இருக்கும் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற கசப்புப் பொருளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு. சளி, தொண்டை வலியின் கடுமையைக் கொஞ்சம் குறைப்பதாகச் சில பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களைக் குடிநீர் அடக்கியதும் பதிவாகியிருக்கிறது. ஆனால் கண்ணாடித் தட்டில் வைரஸ் அடங்குவது வேறு. குடித்தது குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைத் தாண்டி, ரத்தத்தில் போதுமான அளவு சேர்வது வேறு. இந்தக் கசப்புப் பொருள் உடம்பில் மிகக் கொஞ்சமாகத்தான் ஏறுகிறது.

அப்படியென்றால் வீணா? சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று நாள் குடிப்பதில் பழுதில்லை. மூன்று நாளில் போகிற காய்ச்சல் மூன்று நாளில் போகும். கூடவே, மெடிக்கலில் சீட்டு இல்லாமல் அசித்ரோமைசின் அட்டை வாங்கி விழுங்காமல் இருந்த புண்ணியமும் சேரும். இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது; செய்வதெல்லாம், குடலில் இருக்கும் கிருமிகளுக்கு அந்த மருந்தைப் பழக்கிவிடுவதுதான். அடுத்த முறை உண்மையிலேயே தேவைப்படும்போது மருந்து கேட்காது. சளிக்குச் சுக்குக் கஷாயமும் தேனும் போதும் என்று அந்த அட்டையை வாங்கவிடாமல் செய்த ஆச்சிமார்கள் மருத்துவத்துக்கு நல்லதே செய்திருக்கிறார்கள். இருமலுக்குத் தேன் இதம் தருகிறது என்பது ஆய்விலும் நின்ற விஷயம். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவிச் சேனை வைக்கும் வழக்கத்தை விட்டுவிடத்தான் வேண்டும்.

கைமருந்து முழு மதிப்பெண் வாங்கும் இடம் வயிற்றுப்போக்கு. உப்புப் போட்ட கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் யாரும் சொல்லித்தராமல் வந்த வைத்தியம். குடலில் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து போனால்தான் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. அரிசி மாவுச்சத்து செரிமானத்தில் சர்க்கரையாக மெதுவாக உடைகிறது. காலராவில் அரிசியால் செய்த ஓஆர்எஸ் கரைசல் பேதியின் அளவைக் குறைக்கிறது என்று பரிசோதனைகள் காட்டின. கஞ்சி வைக்க வழியில்லாதபோது ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்புக் கூடிவிட்டால் குழந்தைக்கு ஆபத்து. குழந்தைகளுக்கு இத்துடன் டாக்டர் சொல்கிற அளவில் துத்தநாகமும் 14 நாள் கொடுக்க வேண்டும். அது கஞ்சியில் கிடைக்காது.

இனிச் சிக்கலான இடத்துக்கு வருவோம். மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்று நமக்கு ரத்தத்தில் ஊறியிருக்கிறது. அதிகாலையில் வெறும் வயிற்றில் மோரில் அரைத்துக் கலக்கிக் குடித்து, எண்ணெய், காரம் எல்லாவற்றையும் தள்ளி வைத்துப் பத்தியம் இருந்து, மூன்று வாரத்தில் கண் வெளுத்துவிட்டது என்று சாட்சி சொல்ல, இங்கே சால் என்கிற ஒவ்வொரு வரிசைக் குடியிருப்பிலும் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. மழைக்காலத்தில் கலங்கின தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ என்ற வைரஸ் கல்லீரல் அழற்சி. இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே ஆறுகிறவை. கீழாநெல்லி குடித்தவருக்கும் ஆறும், குடிக்காதவருக்கும் ஆறும். பெயர் மட்டும் கீழாநெல்லிக்குப் போகும்.

ஆனாலும் கீழாநெல்லியின் கதையை இந்த ஒரே வரியில் முடிப்பது நியாயமில்லை. 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பாரூக் ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 30 நாள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே நிமிர்ந்து பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தார்கள், அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும் உறுதியான ஆதாரம் இல்லை என்றே சொன்னது. நம் ஊர்ப் பல்கலைக்கழகத்தில், நம் வரப்போரச் செடியை, ஒழுங்கான முறையில் சோதித்துப் பார்த்ததில் எனக்குப் பெருமைதான். அந்தச் சோதனை வழக்கத்தைத்தான் நாம் வாட்ஸ்அப்பில் பரப்பியிருக்க வேண்டும்; பரப்பியது 22 என்ற எண்ணை மட்டும்.

காமாலையில் இரண்டு நிலைகளில் ஆறும் என்று காத்திருக்கவே கூடாது. கர்ப்பிணிக்கு, அதிலும் கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் அது உயிருக்கே உலை வைக்கக்கூடிய நோய். அடுத்தது, மும்பைக்கே உரியது: மஞ்சள் கண் எல்லாம் ஹெபடைடிஸ் இல்லை. எலி சிறுநீர் கலந்த வெள்ளத் தண்ணீரில் நடந்து, காலில் இருக்கும் கீறல் வழியாக ஏறுகிற லெப்டோஸ்பைரோசிஸிலும் கண் மஞ்சளாகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. தண்ணீர் வடிந்த பிறகு இந்தக் காய்ச்சல் பலரைச் சாய்த்தது. கடும் காய்ச்சல், ஆடுசதையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு. பிறகு சிறுநீரகம் மக்கர் செய்யும், நுரையீரலில் ரத்தம் கசியும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின், பென்சிலின் போன்ற பழைய, மலிவான மருந்துகளே போதும். தண்ணீரில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை எடுக்கச் சொல்லி மாநகராட்சி வருஷா வருஷம் மழையில் அறிவிக்கிறது. இந்த 72 மணி நேரத்தைக் கீழாநெல்லியில் கழித்தால், இழப்பது அந்தத் தடுப்பை.

மலேரியாவின் தந்திரம் வேறு மாதிரி. விவாக்ஸ் வகையில் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் அடிக்கும். முதல் நாள் குளிர் நடுங்கியது, ராத்திரி கஷாயம் குடித்தோம், மறுநாள் காய்ச்சல் இல்லை. குணமாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்புவார்கள். அதற்கடுத்த நாள் லோக்கல் ட்ரெயினில் நடுக்கம் திரும்பும். தாராவிக் கடையொன்றில் கேட்ட பேச்சு இது.

"அண்ணாச்சி, நிலவேம்பு ரெண்டு பாக்கெட் குடுங்க. அவுகளுக்குக் காச்சல்."

"எத்தன நாளாம்மா?"

"ஞாயித்துக்கெழமையிலருந்து. நடுவுல நேத்து நல்லாத்தான் இருந்தாக."

"விட்டு விட்டா அடிக்கி? அப்ப பொடிய அப்புறம் வாங்கிக்கலாம். மொதல்ல சயான் ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் குடுத்துட்டு வா."

வியாபாரத்தை விட்டுக்கொடுத்த அந்த அண்ணாச்சிக்கு எந்தப் படிப்பும் இல்லை. கேட்ட கேள்வி டாக்டர் கேட்கிற அதே கேள்வி. எத்தனை நாள், இடையில் விட்டதா.

மலேரியாவுக்கு மூலிகை மருந்தே கிடையாதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது, முக்கியமாக இரண்டு, இரண்டும் செடியிலிருந்து வந்தவைதான். சின்கோனா பட்டையிலிருந்து 1820இல் க்வினைன் பிரிக்கப்பட்டது. சீனத்து மாசிபத்திரி இனச் செடி ஒன்றிலிருந்து ஆர்ட்டெமிசினின் வந்தது. பின்னது சுவாரசியமான கதை. சீனாவின் டூ யூயூ அந்தச் செடியை முதலில் சோதித்தபோது பலன் ஒரு முறை வந்தது, மறுமுறை வரவில்லை. 4ஆம் நூற்றாண்டு வைத்திய நூலில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாறு குடிக்கச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். கொதிக்க வைக்கும் பேச்சே அதில் இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று புரிந்து, குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு பிரித்தெடுத்தார், 1971இல் மருந்து சிக்கியது, 2015இல் நோபல் வந்தது. கஷாயமாகக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு அந்தச் செடி எத்தனை நூற்றாண்டாகக் கையை விரித்திருக்குமோ! அதே செடியைத் தேநீராகக் குடித்து மலேரியாவைச் சமாளிப்பதை உலக சுகாதார நிறுவனம் இன்றைக்கும் ஏற்கவில்லை. ஒவ்வொரு இலையிலும் மருந்தின் அளவு வேறு. குறைவாகப் போனால் கிருமி பிழைத்து, மருந்துக்குப் பழகிவிடும்.

டெங்குவும் பப்பாளி இலைச் சாறும் பற்றிக் கொஞ்சம். பப்பாளி இலை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைச் சற்று விரைவாக ஏற்றுகிறது என்று சில சிறிய பரிசோதனைகள் சொல்கின்றன; அதை மாத்திரையாகவே விற்கிறார்கள். ஆனால் டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு இல்லை. ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியேறி, அழுத்தம் விழுவதுதான். அது நடப்பது காய்ச்சல் விட்ட பிறகு. வீட்டில் எல்லோரும் "காய்ச்சல் விட்டுடுச்சு" என்று மூச்சு விடுகிற அந்த இரண்டு நாளில் வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசத்தல் இருந்தால் சாறு பிழிவதை நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டும்.

பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத தொற்று ஒன்று உண்டு, நீர்க்கடுப்பு. வாழைத்தண்டுச் சாறு, பார்லித் தண்ணீர், நெருஞ்சில் கஷாயம், வெந்தயம் ஊறிய தண்ணீர் என்று வீட்டுக்கு வீடு பட்டியல் வேறு. பட்டியலில் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: தண்ணீர். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களை வைத்து ஒரு பரிசோதனை 2018இல் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு வருஷத்தில் சராசரி 1.7 முறை தொற்று வந்தது. வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 முறை. வெறும் தண்ணீருக்கு இந்தப் பலன் என்றால், பார்லித் தண்ணீர் குடித்துச் சுகமானதாகச் சொல்லும் அத்தையை நான் ஏன் மறுக்கப் போகிறேன்? கிரான்பெரி என்ற சிவந்த புளிப்புப் பழத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. 50 ஆய்வுகளைத் தொகுத்த 2023 காக்ரேன் மதிப்பாய்வில், அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்குத் தொற்று ஏறக்குறைய கால்வாசி குறைந்தது. அதுவும் வராமல் தடுக்கத்தான். வந்த தொற்றை ஆற்ற இல்லை.

தண்ணீர் குடி என்று எழுதுவது எளிது. தாராவியிலிருந்து காலையில் கிளம்பி மூன்று வீடுகளில் வேலை செய்து மாலை திரும்புகிற பெண் எங்கே போவாள்? வேலை செய்யும் வீட்டில் கழிவறையைத் தொட விடுவதில்லை. ஸ்டேஷன் கழிவறையில் கால் வைக்க முடியாது. திரும்பி வந்தால் பொதுக் கழிப்பிடத்தில் வரிசை. அதனால் காலையில் ஒரு டம்ளர் டீ, பிறகு நாக்கை நனைக்க மட்டும் தண்ணீர். மூத்திரத்தை அடக்கியே பழகிய உடம்புக்கு எந்த மூலிகை கொடுத்து என்ன? மும்பைப் பெண்கள் அமைப்புகள் 2011இல் தொடங்கிய 'ரைட் டு பீ' இயக்கம் கேட்டது இலவசமான, சுத்தமான கழிப்பிடத்தை. நீர்க்கடுப்புக்கு இந்த நகரத்தில் அதைவிடப் பெரிய மருந்து எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல், குளிர், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி என்று வந்துவிட்டால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் அதற்கு முன்பே சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும். வேப்பிலைத் தண்ணீரோ கடையில் விற்கும் வாஷோ கொண்டு உள்ளே கழுவுவதும் வேண்டாம். அங்கே காவல் இருக்கும் நல்ல கிருமிகள் போனால் கெட்டவை குடியேறும்.

சளி, இருமலுக்கு ஒரு வார்த்தை. ஆடாதோடை இருமலுக்கு நல்லது என்று ஊரில் சொன்னது சரி. அதன் இலையில் இருக்கும் வாசிசினை மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்ஸின் என்ற சளி இளக்கி உருவாக்கப்பட்டது; கடையில் வாங்குகிற பல இருமல் மருந்துகளில் அதுவோ அதன் வாரிசான ஆம்ப்ராக்ஸாலோ இருக்கும். ஆனால் இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை. மாஹிமில் உள்ள ஹிந்துஜா மருத்துவமனையின் மருத்துவர்கள், சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோயைப் பதிவு செய்து 2012இல் நாட்டையே உலுக்கிய நகரம் இது. காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் அரசில் இலவசம்.

இனி 'சுத்தம்'. ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் பேதிக்குக் கொடுத்து, அன்று முழுக்க ரசம் சாதத்தோடு நிறுத்திய வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். விளக்கெண்ணெயின் ரிசினோலிக் அமிலம் குடல் தசையைத் தட்டி எழுப்பி உள்ளதை வெளியே தள்ளுகிறது. பேதியில் நாக்குப்பூச்சி வெளியே விழுவதைக் கண்ணால் கண்டதால் நம்பிக்கை பலப்பட்டது. ஆனால் குடல் சுவரைக் கடித்துக்கொண்டு ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு இதற்கெல்லாம் அசையாது. இப்போது பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளைச் சுற்றிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் ஒரு அல்பெண்டசோல் மாத்திரை அந்த வேலையை அலட்டாமல் முடிக்கிறது.

பேதி மருந்து ஒழிந்துவிடவில்லை, வேஷம் மாற்றிக்கொண்டது. மால்களில் 'டீடாக்ஸ் டீ' என்று அழகான டப்பாவில் விற்பதைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். கிரீன் டீ, இஞ்சி, எலுமிச்சைப் புல் என்று போகும் வரிசையில் பல டப்பாக்களில் சென்னா இலை இருக்கும். ஹிந்துஸ்தானி மருந்துக் கடையில் சோனாமுகி. நம் சித்தக் கடையில் நிலாவாரை. உலகச் சந்தையில் அதன் பெயர் 'டின்னவெலி சென்னா', நம் திருநெல்வேலிதான். நெல்லை, ராமநாதபுரம் பக்கத்துக் கரிசலில் விளைந்து, தூத்துக்குடி வழியாக ஏற்றுமதியாகிற இலை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதே நெல்லைச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று பாந்த்ரா மாலில் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து அதை வாங்குகிறார்கள்.

சென்னா மோசமான மருந்தில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மலச்சிக்கலுக்கு இடம்பெற்றது. ராத்திரி குடித்தால் காலையில் வேலை செய்யும். வேலை பெருங்குடலில், அங்கிருந்து போவது மலமும் தண்ணீரும் உப்புகளும். கொழுப்பு ஒரு கிராம் போகாது, நஞ்சு எதுவும் போகாது. தராசில் குறைந்த ஒரு கிலோ மறுநாள் தண்ணீர் குடித்ததும் திரும்பும். வாரக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் இறங்கிக் கால் தளரும், நெஞ்சு படபடக்கும்.

நஞ்சு என்று சொல்கிறார்களே, அது எது என்று விற்பவரிடம் கேட்டால் பெயர் வராது. யூரியாவும் கிரியேட்டினினும் சிறுநீரகத்தால் போகின்றன, அம்மோனியாவும் மதுவும் மருந்துகளும் கல்லீரலில் மாற்றப்படுகின்றன. இவை பழுதானால் டயாலிசிஸும் மாற்று அறுவையும்தான், சாறு உதவாது.

வாட்ஸ்அப்பில் வருஷக்கணக்காகச் சுற்றும் 'பித்தப்பைக் கல்லை ஆறே நாளில் கரைக்கும்' செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். ஐந்து நாள் ஆப்பிள் சாறு, ஆறாம் நாள் எப்சம் உப்பு, இரவில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். காலையில் பச்சைப் பச்சையாக உருண்டைகள் மிதக்கும். பார்த்தவர் கண்ணை நம்பாமல் எப்படி இருப்பார்? நியூசிலாந்து மருத்துவர்கள் ஒரு நோயாளி கொண்டு வந்த அந்த உருண்டைகளை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்து 2005இல் லான்செட்டில் எழுதினார்கள். கொலஸ்டிராலும் இல்லை, பிலிருபினும் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். எண்ணெயையும் எலுமிச்சையையும் குடல் சாறுகள் கலந்து உள்ளேயே திரட்டிய சோப்பு. நிஜக் கற்கள் பித்தப்பையில் அப்படியே இருந்தன, பிறகு அறுவையில்தான் எடுத்தார்கள்.

ஃபைவ் கார்டன்ஸ், சிவாஜி பார்க் பக்கம் காலை நடைக்குப் போகிறவர்களுக்கு வண்டியில் பச்சைச் சாறு விற்கிறார்கள். தூதி என்று நாமும் இங்கே சொல்லப் பழகிவிட்ட சுரைக்காய், பாகற்காய், நெல்லிக்காய். சுரைக்காய்ச் சாற்றில் ஒரே ஒரு எச்சரிக்கையை யாரும் மறக்கக் கூடாது. கசந்தால் துப்பிவிட வேண்டும். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் கடும் வாந்தி, வயிற்றில் ரத்தக் கசிவு, அழுத்தச் சரிவு எல்லாம் உண்டாக்கும். 2010இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி இப்படிச் சாறு குடித்து இறந்தபின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு அமைத்து இதே எச்சரிக்கையைக் கொடுத்தது. கூட்டு வைக்கும்போது கசப்புக் காயைச் சமையற்காரி நாக்கிலேயே கண்டுபிடித்து எறிந்துவிடுவாள். பாகற்காயோடும் நெல்லிக்காயோடும் கலந்த சாற்றில் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று யாருக்குத் தெரியும்? கேரளத்தில் புளிச்சக்காய் என்ற பிலிம்பியைச் சாறாகப் பிழிந்து குடித்தவர்களுக்கு ஆக்ஸலேட் படிந்து சிறுநீரகம் செயலிழந்ததும் 2013இல் பதிவானது. மீன் குழம்பில் நாலு காய் போட்டவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அளவு மாறினால் பொருளே மாறுகிறது என்பதற்கு மும்பையே சாட்சி. கோவிட் சமயம் நகரமே சீந்தில் கொடியை, இங்கே கிலோய், குள்வேல் என்கிறார்களே அதை, கொதிக்க வைத்துக் குடித்தது. 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை, சீந்தில் குடித்து வந்த 6 பேர் மும்பை கல்லீரல் மருத்துவர்களிடம் காமாலையோடு வந்தார்கள். 2021இல் அது ஆய்விதழில் வெளியானதும் ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது: அது சீந்திலாக இருக்காது, பார்க்க அதேபோல் இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. வேலியில் படர்ந்ததைப் பறித்தவருக்கு எது எந்தக் கொடி என்று தெரியாது என்பது நியாயமான பேச்சுத்தான். ஆனால் குடிக்கிறவருக்கு அது ஆறுதல் இல்லை. 2022இல் நாடு முழுக்க 13 மையங்களைச் சேர்ந்த மருத்துவர்கள் சேர்ந்து 43 பேரைப் பதிவு செய்தார்கள். சீந்தில் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் என்பதுதான் அதன் பெருமை. சில வகைத் தைராய்டுக் கோளாறு போன்ற, எதிர்ப்பாற்றல் சொந்த உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் ஏற்கெனவே இருப்பவருக்குத் தூண்டிவிட்ட எதிர்ப்பாற்றல் சொந்தக் கல்லீரலையே தாக்கலாம்.

மஞ்சளும் அப்படித்தான். மஞ்சள்தூளில் குர்க்குமின் 100க்கு 3 பங்கு அளவில். அதுவும் குடலில் அவ்வளவாக ஏறாது. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறிய அளவு 2000 சதவீதம் கூடியது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு மாத்திரைத் தொழிலே கிளம்பியது. 2022இல் அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் கேட்டைக் கண்காணிக்கும் மருத்துவர் குழு, மஞ்சள் மாத்திரையால் பாதிக்கப்பட்ட 10 பேரை விவரித்தது. அதில் ஒருவர் இறந்தார். சில மாத்திரைகளில் மிளகுச் சாரம் சேர்ந்திருந்தது. சாம்பாரில் போடும் மஞ்சளுக்கும் மிளகு ரசத்துக்கும் இதில் பங்கில்லை. பொடியாக விற்பதில் கலந்திருக்கக்கூடிய உலோகம் தனிக் கதை: பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது.

குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் உரைமருந்தில் வசம்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பீட்டா-அசரோன் என்ற அதன் சத்து விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968லேயே உணவில் அதைத் தடை செய்தது. கையில் வசம்பு வளையல் போட்டு அழகு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளை அதை வாயில் வைத்துச் சப்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா" என்று கேட்கும்போது நம்மவர்கள் இல்லை என்று விடுவது வழக்கம். கஷாயத்தையும் சூரணத்தையும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. திட்டுவார்களோ என்ற பயமும் உண்டு. சொல்ல வேண்டும், முடிந்தால் பாக்கெட்டையே எடுத்துப் போக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கூடுதல் அவசியம். தினமும் ஏதாவது மூலிகை குடிப்பவருக்குச் சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ, காரணமில்லாமல் சோறு வெறுத்தாலோ அன்றைக்கே அதை நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள். அரசு மருத்துவமனைகளிலேயே அதைச் செய்வார்கள்.